பொட்டு வைத்த காற்றாடி

போன வாரம் என் மருமகள் கைப்பேசியைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. அவளுடைய பள்ளி மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தியதற்காகப் பரிசு வாங்கியிருக்கிறதாம். படத்தில் கதவு அகலத்துக்கு ஒரு காசோலை, அதைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு கூட்டம், எல்லாருக்கும் பல் தெரிகிறது. "நல்லாருக்கா அத்தே?" என்று கேட்டாள். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் வாயில் ஏதாவது வந்திருக்கும். பாவம், அவள் என்ன செய்வாள். வாசல் விளக்கைப் பகலிலும் எரியவிடுகிறேன் என்று அவள் என்னை முறைப்பது தனிக் கதை.

உங்களிடம் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர்கள். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் பாவாடையும் அரைக்கால் சட்டையுமாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர்கள். பள்ளிக்கூடத்துக்குச் சிக்கனப் பரிசு என்று யாராவது சொன்னால் எனக்கு ஏன் உடம்பெல்லாம் எரிகிறது என்று உங்களுக்காவது தெரியட்டும்.

மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளி அப்போது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே ஒரு நீளக் கூடம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகைதான் சுவர். அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் திருக்குறளுக்கு நடுவில் வந்து விழும். கூடத்தின் மத்தியில் பச்சை எனாமல் தொப்பி போட்ட பல்பு ஒன்று தொங்கும். வாசலோரம் கறுப்பு உருண்டையாக ஒரு சுவிட்சு, அதில் பித்தளைக் குமிழ். தட்டினால் டக்கென்று நாக்கைச் சொடுக்கின மாதிரி சத்தம் கேட்கும். லைட்டைத் திறப்பது, லைட்டை அடைப்பது என்றுதான் நாங்கள் சொல்வோம், கதவைச் சொல்கிற மாதிரியே. ஊரில் மற்றத் தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வெளியே புங்க மரத்து வேரோரம் ஒரு குழாய். பல்பு ஒன்று, குழாய் ஒன்று, அவ்வளவுதான் எங்கள் வசதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பகலில் அந்தப் பல்புக்கு வேலையே கிடையாது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் திறப்பார்கள். அது உண்மையாக வேலை செய்தது பொழுது சாய்ந்த பிறகு, எங்கள் அம்மாமார்களுக்காக.

அப்பா மலாக்காவிலேயே பிறந்தவர், லாரி ஓட்டினார். அவருக்குக் குடியுரிமை கேட்காமலே வந்தது. அம்மா தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்தவள். அவளைப் போன்றவர்கள் ஆபீசுக்குப் போய் ஓர் அதிகாரி முன்னால் நின்று, கேட்கிற கேள்விக்கு மலாயில் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் குடியுரிமை. அம்மாவும் எங்கள் வரிசை வீட்டுப் பெண்களும் பகல் முழுக்கச் சாலையோரம் புல் வெட்டப் போகிறவர்கள். மார்க்கெட்டில் மீனுக்கு விலை பேசும் அளவுக்கு மலாய் தெரியும். அதிகாரியிடம் மீன் விலையா பேச முடியும்?

அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருத்தர் தானாக முன்வந்தார். செட்டித் தெருப் பக்கமிருந்து வருவார். நாங்கள் கெபாயா அக்கா என்போம், மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும்தான் உடுத்துவார். நெற்றியில் நம்மைப் போலவே விபூதி, குங்குமம். நம்மைப் போலவே மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார். ஆனால் தமிழ் வராது. எந்தக் காலத்திலோ வந்து குடியேறிய குடும்பம், அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக மலாய்தான். சாமி பெயரும் பலகாரத்தின் பெயரும் மட்டும் தமிழில் சொல்வார். எங்கள் அம்மாமார்கள் முதல் நாள் அவரை ஏதோ அதிசயம்போலப் பார்த்தார்கள். மறுநாள் ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்து கொடுத்துச் சிநேகமாகிவிட்டார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் அம்மாவின் மடியோரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எழுத்து, இலக்கணம் எதுவும் கிடையாது. எங்கள் தலைமையாசிரியரான பெரிய வாத்தியாருடைய கைவைத்த நாற்காலியைக் கூடத்து நடுவில் பல்புக்கு நேர் கீழே இழுத்துப் போடுவார். முன்னால் ஒரு மேசை. தான் அதில் அதிகாரியாக உட்கார்ந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வார். ஒவ்வொரு பெண்ணும் வாசலிலிருந்து நடந்து வந்து, வணக்கம் சொல்லி, மேசை முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். சிரித்தால் மறுபடி வாசலிலிருந்து வர வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது, இவர்களுக்கு மலாய்மேல் பயமில்லை, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆள்மேல்தான் பயம். தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு பேசிய பக்கத்து வீட்டு அத்தை, பல தடவை அந்த மேசைக்கு நடந்து நடந்து, கடைசியில் நிமிர்ந்து நின்று, "சாயா திங்கால் டி காஜா பெராங்" என்று கூரை அதிரச் சொன்னாள். நான் காஜா பெராங்கில் குடியிருக்கிறேன் என்று அர்த்தம். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மாதமே அத்தை ஆபீசுக்குப் போய்ச் சொல்லி, ஜெயித்துவிட்டு வந்தாள்.

அம்மா எல்லாருக்கும் பின்னால் உட்காருகிற ரகம். கேள்வி எல்லாம் மனப்பாடம், பதிலும் மனப்பாடம். மேசைக்கு முன்னால் மட்டும் இன்னும் போகவில்லை. "அடுத்த வாரம் நீதான்" என்று கெபாயா அக்கா மலாயில் சொல்லி அவளைப் பார்த்து விரல் நீட்டியது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அதற்குச் சில மாதம் முன்பே பள்ளிக்கூடங்களைக் கவனிக்கிற மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை உதித்திருந்தது. புது நாடு, சிக்கனம் வேண்டும். ஊரிலுள்ள பள்ளிகளில் எது தன் போன வருஷத்து லைட்டுச் செலவையும் தண்ணீர்ச் செலவையும் அதிகமாகக் குறைக்கிறதோ அதற்குப் பரிசு. காலைக் கூட்டத்தில் பெரிய வாத்தியார் இதை இரண்டு தடவை அறிவித்தார்.

நல்லா கவனியுங்கள். எவன் கொஞ்சமாகச் செலவழிக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. எவன் குறைக்கிறான் என்றுதான் கேட்டார்கள். அறைக்கு அறை மின்சாரக் காற்றாடி சுற்றுகிற பெரிய இங்கிலீஷ் பள்ளியும், ஒற்றைப் பல்புக்காரர்களான நாங்களும் ஒரே பந்தயத்தில். அவர்கள் ஆளில்லாத அறையில் சுற்றுவதை நிறுத்தினால் போதும். நாங்கள் எதை நிறுத்துவது? வயிறு ஒட்டிக் கிடக்கிறவனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இளைத்துக் காட்டு, மிட்டாய் தருகிறேன் என்கிற மாதிரி ஒரு போட்டி. இதை யோசித்தவருக்குச் சம்பளம் வேறு கொடுத்திருப்பார்கள்.

பெரிய வாத்தியார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கோபம் இருந்திருக்காது. வெள்ளைக் காற்சட்டையும் குடையுமாக வருவார். ஒரு பிள்ளை ஒரு நாள் வரவில்லை என்றாலும் வீட்டுக்குத் தேடி வருவார். தமிழ்ப்பள்ளி என்றால் மேலிடத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்ற குறை அவருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஒரு தடவை ஜெயித்துக் காட்டினால் கூரைக்குத் தகரமாவது புதிதாக வரும் என்று நம்பினார்.

முதலில் குழாய்க்குக் கட்டுப் போட்டார். அதன் திருகுபிடியைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முடிச்சைத் தன் கையாலேயே போட்டார். தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நாங்கள் புட்டியில் கொண்டுவந்தோம், இடைவேளைக்குள் காலியாகும். பிறகு எதிரே இருந்த மளிகைக்கடை பாயிடம் ஓடுவோம். அவர் கடைவாசலில் ஒரு மண்பானை வைத்தார். அந்தத் தண்ணீரில் எப்போதும் லேசாக ஏலக்காய் வாசம் அடிக்கும், பக்கத்தில் ஏலக்காய் மூட்டை இருக்கும். "குடிங்க, குடிங்க" என்பார் பாய். "பச்சப் புள்ளைங்க தொண்டையக் காய வச்சி பரிசு வாங்குறானுங்களாம். நல்ல கூத்து லா இது." எங்கள் கழிவறை நாற ஆரம்பித்தது. பெண் பிள்ளைகள் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம். அதைப் பற்றி வாய் திறக்க எங்களுக்கு வெட்கம், கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வேலியோரச் செம்பருத்திகள் காய்ந்து சுள்ளியாயின.

மழை இருட்டில் பல்பைத் திறக்கவில்லை. கரும்பலகை தெரியாது. வாத்தியார்கள் இருட்டில் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்கள். எங்களுக்கு அதில் ஒரு குஷி, பின் வரிசையில் பேய்க்கதை நடந்தது. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இதெல்லாம் செய்தும் பில் அவ்வளவாகக் குறையவில்லை. எப்படிக் குறையும்? பல்பு எரிவதே சாயங்காலம்தானே. கெபாயா அக்கா அம்மாவை நோக்கி விரல் நீட்டிய அந்த வாரம், பெரிய வாத்தியார் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் பல்பைக் கழற்றி, பஞ்சில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். முட்டையை எடுத்து வைக்கிற மாதிரி அத்தனை பதமாக வைத்தார்.

அன்று சாயங்காலம் பெண்கள் வந்து இருட்டுக் கூடத்தைப் பார்த்தார்கள். பெரிய வாத்தியார் வாசலில் நின்று, கை கூப்பித்தான் சொன்னார். "அம்மாமாருங்க மன்னிக்கணும். கொஞ்ச மாசம் பொறுத்துக்குங்க. நம்ம பள்ளிக்கூடம் பேரு வாங்குற நேரம் இது."

பக்கத்து வீட்டு அத்தைதான் பேசினாள். அவள் வேலை முடிந்திருந்தும் மற்றவர்களுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தாள். "வாத்தியாரே, இவங்களுக்கு ஆபீசுல நாள் குடுத்துட்டாங்க. நீங்க பேரு வாங்கின பெறகு வர்றோம்னு அங்க போயி சொன்னா கேப்பாங்களா?"

"வீட்ல உக்காந்து படிக்கலாமே."

"வீட்ல யாரு வாத்தியாரே அதிகாரியா உக்காருவா? எங்க வீட்டுக்காரரா? அவரு உக்காந்தா சோறு கேப்பாரு."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். ஆனாலும் அலமாரியைத் திறக்கவில்லை.

மறுநாள் அம்மா ஒரு காரியம் செய்தாள். அவள் செய்வாள் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எரிய வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். காற்றில் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு முன்னால் அவள், பின்னால் நான். "வாத்தியாரே, கரண்டு வேணாம், இது எங்க எண்ணெ" என்றாள். அவள் அவரிடம் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் விளக்கைப் பார்த்தார், பலகைச் சுவரைப் பார்த்தார். "பத்திக்கிட்டா மொத்தமும் போயிரும்மா. இந்தப் பள்ளிக்கூடத்த விட்டா நம்ம புள்ளைங்களுக்கு வேற என்ன இருக்கு?" என்றார். அம்மா திரியை இறக்கினாள். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தப்பில்லாத பேச்சாகப் பேசிப் பேசியே எங்களைத் திருப்பி அனுப்பினார்.

கெபாயா அக்கா தன் வீட்டுக்கு வரச் சொன்னார். வீட்டு ஆண்கள் விடவில்லை. அப்பா சொன்னது இது: "பள்ளிக்கூடம்னா சரி. பொழுது சாஞ்சி இன்னொருத்தங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றது நல்லா இல்ல. நீ ஏன் பயப்படுற? ரெண்டு வார்த்த கேப்பாங்க, ரெண்டு வார்த்த சொல்லிட்டு வா." ரெண்டு வார்த்தை. ஆண்களுக்கு எல்லாமே ரெண்டு வார்த்தைதான்.

ஆபீசுக்கு அம்மா போன நாளில் அப்பா லாரியோடு வெளியூரில் இருந்தார். துணைக்கு என்னைப் பள்ளிக்குப் போகவிடாமல் அழைத்துப் போனாள். கல்யாணச் சேலை கட்டியிருந்தாள், பூச்சி உருண்டை வாசத்தோடு. பெரிய அறை. மேசைக்குப் பின்னால் அதிகாரி. நல்ல மனிதர்தான், முகத்தில் கடுகடுப்பில்லை. கெபாயா அக்கா காட்டிய உர் முகத்தில் பாதிகூட இல்லை. அம்மா மேசைக்குப் போய் நின்றாள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். அதே கேள்வி.

அம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் மறுபடி, மெதுவாகக் கேட்டார். அம்மா தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பின்னால் பெஞ்சில் இருந்த நான் பதிலைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, உதட்டில் விரலை வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டார். அதற்கும் அவளால் தலைகூட ஆட்ட முடியவில்லை. பிறகு வந்து பாருங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி நடந்து வந்தோம். எங்கள் சாலை முனை திரும்பி, பாய் கடையின் மிளகாய் மூட்டை வாசம் மூக்கில் ஏறிய இடத்தில், யாரையும் பார்க்காமல், "சாயா திங்கால் டி காஜா பெராங்" என்றாள். ஓர் எழுத்து பிசகவில்லை. பிறகு வீட்டுக்குள் போய்ச் சேலையை மாற்றிவிட்டு அரிசி களைந்தாள்.

பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது. சந்தேகமென்ன, ஒன்றுமில்லாத நிலைக்கு எங்களைப்போல் யார் இறங்க முடியும்? விழா அந்த இங்கிலீஷ் பள்ளியின் மண்டபத்தில் நடந்தது. தலைக்குமேல் அத்தனை காற்றாடிகளும் சுற்றின, பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தன. சிக்கனத்தைப் பற்றி ஒரு பெரிய மனிதர் வெகுநேரம் பேசினார். பெரிய வாத்தியார் மேடையேறி இரண்டு கையாலும் பரிசை வாங்கினார். என்ன பரிசு தெரியுமா? மின்சார மேசைக் காற்றாடி. ஒளிக்காமல் சொல்லுங்கள், இதைவிடப் பெரிய நக்கல் உண்டா? கரண்டு பயன்படுத்தாமல் இருந்ததற்குக் கரண்டில் ஓடுகிற சாமான்.

எங்கள் ஆட்களுக்கு அதில் நக்கல் தெரியவில்லை. காற்றாடிக்கு மாலை போட்டு, நடுமண்டையில் சந்தனம் குங்குமம் வைத்து, மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, காஜா பெராங் சாலையில் ஊர்வலம் வந்தோம். நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் நடந்தோம். வீட்டுக்கு வீடு வண்டி நின்றது. பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். எங்கள் வீட்டு முன்னாலும் நின்றது. அம்மா தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சுற்றினாள். அந்தக் காற்றாடிக்கு, அவள் கையால். பெரிய வாத்தியார் கண் கலங்கிப் போய்க் கும்பிட்டார். அவளுடைய ஆபீஸ் விஷயம் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் போதும், இன்று இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தக் காற்றாடி ஒரு நாள்கூடச் சுற்றியதில்லை. சுற்றினால் அடுத்த வருஷம் பில் ஏறும், பெயர் கெட்டுப் போகும். கண்ணாடி அலமாரியில் வைத்து, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் புதுப் பொட்டு வைத்தார்கள். அடுத்த வருஷம் போட்டியே நடக்கவில்லை. மேலிடத்தில் யோசனை மாறிவிட்டதாம். புதுத் தகரமும் வரவில்லை. பல்பு மட்டும் திரும்பத் தொங்கியது, சாயங்காலம் அதன் கீழ் வந்து உட்காரத்தான் யாரும் இல்லை. கெபாயா அக்கா இரண்டு மூன்று தடவை எங்கள் வீட்டுக்கே வந்து அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். "அந்த மேசைக்கு முன்னால இன்னொரு வாட்டி நிக்க மாட்டேன்" என்றுவிட்டாள் அம்மா. அப்பாவும், "எனக்கு இருக்கில்ல, போதும்" என்றார்.

போதவில்லை. பின்னாளில் எங்களுக்கெல்லாம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத அம்மாவுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று ஒரு காலம் வந்தது. அம்மாவின் புல் வெட்டும் வேலை போயிற்று. அந்த வளைந்த கத்தியை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். எங்கே போய்த் தொலைந்ததோ, இன்று வீட்டில் இல்லை.

நான் முதல் தடவை ஓட்டுப் போட்டது எங்கள் அதே பள்ளியில். அப்போது கல் கட்டடமாகியிருந்தது. வரிசை வரிசையாகக் குழல் விளக்கு, மேலே காற்றாடிகள். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். வாசலில் நின்ற மலாய்ப் போலீஸ்காரர் இளம் பையன், மரியாதையாகத்தான் அட்டையைக் கேட்டார். சிவப்பைப் பார்த்துவிட்டு, வெளியில் இருங்கள் அம்மா என்று மலாயில் சொன்னார். பரவாயில்லை மகனே, நான் இந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன், என் மகள் போட்டுவிட்டு வரட்டும், வெயிலில் நிற்கிறாயே, நீ சாப்பிட்டாயா என்று அம்மா அவரிடம் மலாயில் சொன்னாள். திக்கவில்லை, திணறவில்லை. அந்த ஊரில் அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு வராதா? அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அன்று மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை.

நான் நாலடி போயிருப்பேன். அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஏய், உள்ள பாரு, பட்டப்பகல்ல அத்தன லைட்டும் எரியுது. வர்றப்ப அடச்சிட்டு வா. பாவம், பள்ளிக்கூடத்துக்குத்தான் பில்லு வரும்."

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வருகிற வழியில் சுவரில் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. கை நீட்டினால் எட்டும். பக்கத்து அறையின் கண்ணாடி அலமாரிக்குள் அந்தக் காற்றாடி, பொட்டு கறுத்துப் போய், இருந்தது. நான் எதையும் தொடாமல் வந்தேன்.

அம்மா மரத்தடியில் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே கேட்டாள், "அடச்சியா?"

"இல்லம்மா" என்றேன். "எரியட்டும்."